அம்பிகா கழுவிய ஃபிலிம்

டெல்லி சாந்திநிகேதன் காலனியில் ஜ்யோத்ஸ்னா மேடம் வீட்டில் அம்பிகா ஆறு வருஷம் வேலை பார்த்தாள். பாத்திரம், துணி, தரை. டெல்லியில் கோட்டி வேலை, அதாவது பங்களா வீட்டு வேலை, என்றால் இந்த மூன்றும்தான். அந்தக் கோட்டியில் மட்டும் நாலாவதாக ஒன்று உண்டு. மேடம் பத்திரிகைகளுக்குப் படம் எடுப்பவர். கறுப்பு வெள்ளை ஃபிலிமை எந்தக் கடையிலும் நம்பிக் கொடுக்க மாட்டார். மாடிக் குளியலறையில் தானே கழுவிக்கொள்வார். கழுவுகிற வேலை என்று வந்துவிட்டால் அம்பிகாவைக் கூப்பிடாமல் இருப்பார்களா?

டெவலப்பர் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கட்டி விழாமல் கரைத்து ஆறவைப்பாள். படத்தை நிலைக்கவைக்கிற ஹைப்போவைத் தனி பாட்டிலில் கலந்து மூடுவாள். ஃபிலிம் இருக்கிற கறுப்பு டப்பாவைக் கடிகாரத்தைப் பார்த்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கவிழ்த்து நிமிர்த்துவாள். எல்லாம் முடிந்ததும் ஃபிலிமைக் குழாயடியில் அலசி, இரண்டு விரலுக்கு நடுவில் ஒரே இழுப்பாக வழித்துவிட்டு, கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவாள். இருபது டிகிரி என்பதை மணிக்கட்டில் இரண்டு சொட்டு விட்டே சொல்லிவிடுவாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் மேடம், "யே மேரி லேப் அசிஸ்டென்ட்" என்று அவளைக் காட்டிச் சிரிப்பார். அம்பிகாவுக்கு வெட்கமாக இருக்கும். ஆனால் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அதைப் புருஷன் வேலுவிடம் சொல்லிவிடுவாள்.

தொண்ணூற்றெட்டு ஏப்ரலில் மேடம் பம்பாய்க்குக் கிளம்பினார். சாமான் கட்டிய அன்று ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து அம்பிகாவின் முன்னால் வைத்தார்.

"அம்பிகா, இந்தப் புரானா கேமரா, பழசுதான், நீ வெச்சுக்கோ. கழுவுற டேங்க், தெர்மாமீட்டர், பவுடர் பாக்கெட் சப் குச் இருக்கு. நாலு ரோலும் போட்டிருக்கேன் பாரு."

"எனக்கு எதுக்கு மேடம்?"

"படம் எடு, நீயே கழுவிக்கோ. உனக்குத் தெரியாததா?"

மேடம் கோல் மார்க்கெட் சர்க்காரி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது. அவர் வாயிலிருந்து முழுசாக ஒரு வாக்கியம் தமிழில் வந்தால் அது மனசார வந்ததென்று அர்த்தம். அம்பிகா பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டாள். தெரியும் என்றுதான் அவளும் நினைத்தாள்.

மோதி பாக் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஓடும் சாக்கடை நாலாவின் கரையில் அவர்களுடைய ஜுக்கி. தகரக் கூரை, செங்கல்லும் மண்ணுமாக நாலு சுவர். வேலுவுக்கு வெள்ளையடிக்கிற வேலை. பிள்ளைகள் இரண்டும் கள்ளக்குறிச்சிப் பக்கம் அம்பிகாவின் அம்மா வீட்டில் படித்தார்கள். அந்தச் சந்தில் முப்பது வீடு, அத்தனையும் தமிழ் வீடு. அம்பிகாவிடம் கேமரா இருக்கிறது என்று தெரிந்ததும் ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணக் கூட்டமே கூடிவிட்டது. எல்லாருக்கும் ஊருக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பொன்னம்மாள் மே மாத வெயிலில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். ஆர்.கே.புரத்தில் நாலு வீடு பெருக்கித் துடைக்கிறவள். டெல்லிக்கு வந்து பதினெட்டு வருஷத்தில் படம் என்று ஒன்று எடுத்துக்கொண்டதே இல்லை.

"சிரிக்கணுமாடி?"

"உன் இஷ்டம்க்கா."

முன்பல் ஒன்று இல்லாததால் பொன்னம்மாள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கொத்தனார் காத்தவராயன் சைக்கிளோடு நின்றார், மணியின் மேல் ஒரு கை. முப்பத்தாறு படமும் மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு கழுவ உட்கார்ந்தாள். காலையிலேயே மருந்து இரண்டையும் கலந்து, குச்சி ஐஸ் விற்கிறவனிடம் ஐஸ் வாங்கி, பாட்டில்களைச் சுற்றி வாளியில் அடுக்கி, இருபது டிகிரிக்குக் கொண்டுவந்தாள். டப்பாவையும் அதற்குள் வைக்கும் பிளாஸ்டிக் ரீலையும் பளிச்சென்று தேய்த்துக் கழுவினாள். மேடம் வீட்டில் ஒவ்வொரு தடவையும் அதைத்தான் செய்வாள். பிறகுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. ஃபிலிமைச் சுருளிலிருந்து உருவி ரீலில் ஏற்றுவதை அவள் பார்த்ததே இல்லை. மேடம் விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திக்கொள்வார். ஐந்து நிமிஷம் கழித்து மூடிய டப்பாவோடு வெளியே வருவார். உள்ளே நடந்தது கும்மிருட்டில் நடந்தது. ஆறு வருஷம் கூடவே இருந்தும் அந்த ஐந்து நிமிஷத்தை யாரும் அவளுக்குக் காட்டவில்லை. காட்டவும் முடியாது.

'ராட்டினத்தில் நூல் சுத்துற மாதிரிதானே இருக்கும்' என்று தைரியம் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த தொல்லை, இருட்டு. கதவைச் சாத்தினால் கூரையில் இருபது ஓட்டை தெரிந்தது. வேலு சுவருக்குப் பூசும் பட்டியைக் குழைத்து ஏறி அடைத்தான். அப்புறமும் சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் வெள்ளைக் கோடாக வெளிச்சம். கடைசியில் மூன்று பஞ்சு ரஜாயை ஒன்றின்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்தாள். வேலு வாசலில் காவல் உட்கார்ந்தான்.

உள்ளே மூச்சு முட்டியது. முழங்கை வழியாக வேர்வை விரல் நுனிக்கு இறங்கியது. ஃபிலிமின் முனை ரீலின் வாயில் நுழைந்தது. இரண்டு பக்கத்தையும் முன்னும் பின்னும் திருகினால் அதுவாக ஏற வேண்டும். இரண்டு சுற்று ஏறியது. அப்புறம் நின்றுவிட்டது. திருகினாள், நகரவில்லை. நகத்தால் தள்ளினாள். 'கிர்க்' என்று மடங்குகிற சத்தம் கேட்டது. வெளியே பொன்னம்மாளின் குரல்.

"என்னாய்யா வேலு, ரஜாய் போத்திப் படுத்திருக்கா? ஜுரமா?"

"ஜுரமெல்லாம் இல்லக்கா. ஃபிலிம் கழுவுறா."

"ரஜாய்க்குள்ளயா?"

"தொறக்காதக்கா! தொறந்தா உன் படம் போயிடும்!"

ரஜாய்க்குள் அம்பிகாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஏறாத மிச்சத்தைக் கசங்கிய துணியைத் திணிக்கிற மாதிரி டப்பாவுக்குள் திணித்து மூடிவிட்டு வெளியே வந்தாள். மற்றதெல்லாம் கை பழகிய வேலை. எட்டு நிமிஷம் டெவலப்பர், பத்து நிமிஷம் ஹைப்போ. திறந்து பார்த்தால் ஃபிலிம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஒட்டிய இடமெல்லாம் மருந்து படாமல் பால் நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. மடங்கிய இடங்களில் பிறை பிறையாகக் கறுப்பு. முப்பத்தாறில் இரண்டு படம்தான் என்னவென்று தெரிந்தது. ஒன்றில் காத்தவராயனின் சைக்கிள், அவர் இல்லை. இன்னொன்றில் யாருடையதோ கால்.

மறுநாள் காலை தண்ணி டேங்கர் வரிசையில் ஒவ்வொரு குடமும் அவளைக் கேட்டது.

"அம்பிகா, போட்டோ வந்திடுச்சா?"

"இன்னும் இல்ல."

"எப்ப வரும்?"

"வரும்."

நாலு நாள் சமாளித்தாள். ஐந்தாம் நாள் ஆர்.கே.புரம் மார்க்கெட் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் பம்பாய்க்குப் போன் போட்டாள்.

"மேடம், ஃபிலிம் ரீல்ல ஏற மாட்டேங்குது. பாதியில நின்னு போவுது."

"ரீல் ட்ரையா இருந்துதா?"

"அன்னிக்குக் காத்தாலதான் நல்லாத் தேச்சுக் கழுவினேன் மேடம்."

"அரே! கீலா ரீல்ல எப்படி ஏறும்? ஒரு சொட்டு தண்ணி இருந்தாலும் சிபக் ஜாதா ஹை, ஒட்டிக்கும். கையும் சூக்கா, ஈரமில்லாம இருக்கணும். நான் சொல்லலையா?"

"சொல்லல மேடம்."

மேடம், "சொன்னேன்னு நெனச்சேன்" என்றார்.

அம்பிகா போனை வைத்துவிட்டு பூத் வாசலில் நின்றாள். ஆறு வருஷமாக ரீலைக் கழுவிக் கழுவி வெயிலில் வைத்தவள் அவள். மறுநாள் எடுக்கும்போது அது தானாகக் காய்ந்திருக்கும். அது காய்ந்திருக்க வேண்டியது ஒரு விதி என்று அவளுக்கு எப்படித் தெரியும்? சுத்தமாக இருக்கட்டுமே என்று தேய்த்த தேய்ப்புதான் முப்பது வீட்டுப் படத்தைக் கெடுத்திருக்கிறது. யார் மேல் கோபப்படுவதென்று தெரியாமல் வழியெல்லாம் செருப்பைத் தேய்த்துக்கொண்டே நடந்தாள்.

கெட்டுப்போன ஃபிலிமை அவள் தூக்கிப் போடவில்லை. தினமும் மத்தியானம் வேலையிலிருந்து வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு அதை ரீலில் ஏற்றி இறக்கினாள். முதல் பத்து நாளில் ஒரு தடவைகூட முழுசாக ஏறவில்லை. பிறகு மூன்றுக்கு ஒன்று ஏறியது. ஜூன் நடுவில், வேலுவோடு பேசிக்கொண்டே ஏற்றுகிற அளவுக்கு விரல் பழகிவிட்டது.

மறுபடியும் படம் எடுக்க வேண்டும் என்று சந்தில் சொன்னபோது முகங்கள் சுருங்கின. "அப்ப அன்னிக்கு எடுத்தது?" என்று ஒருத்தி கேட்டாள். "சரியா விழல" என்றாள் அம்பிகா. முனகிக்கொண்டேதான் வந்து நின்றார்கள். பொன்னம்மாள் மட்டும் முனகாமல் அதே பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை தைரியமாகப் பல் தெரியச் சிரித்தாள்.

ஜூன் கடைசி ஞாயிறு. கைக்கும் ரீலுக்கும் முகத்துக்குப் போடுகிற பவுடரைப் பூசிக்கொண்டு ரஜாய்க்குள் போனாள். ஒரே மூச்சில் ஃபிலிம் ஏறிவிட்டது. டெவலப்பர் இருபது டிகிரி, ஹைப்போவும் இருபது. எட்டு நிமிஷமும், ஹைப்போவின் பத்து நிமிஷமும் டப்பாவின் மேலிருந்த கண்ணை எடுக்கவில்லை. மூடியைத் திறந்து ஃபிலிமின் முனையைத் தூக்கிப் பார்த்தாள்.

படம் இருந்தது.

"யோவ், வந்திடுச்சுய்யா!" என்று கத்தினாள். வேலு ஓடி வந்தான். வாசல் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பேரும் பார்த்தார்கள். வரிசையாகக் கட்டம் கட்டமாக ஆட்கள். காத்தவராயனும் சைக்கிளும் ஒன்றாக இருந்தார்கள். அதற்கு அடுத்த கட்டத்தில் பொன்னம்மாள், நெகட்டிவில் கறுத்துப்போன பற்களோடு, காதில் கம்மல் இரண்டும் கறுப்புப் புள்ளியாக, சிரித்துக்கொண்டு நின்றாள்.

அம்பிகா டிரம்மில் இருந்த தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றி அலசினாள். நாள் முழுக்க வெயிலில் கிடந்த டிரம். அலசி முடித்து, எப்போதும் செய்கிற மாதிரி, இரண்டு விரலுக்கு நடுவில் ஃபிலிமைப் பிடித்து மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாக வழித்தாள்.

விரலில் ஏதோ வழவழவென்று வந்தது. காய்ச்சிய பாலின் ஆடை மாதிரி, கறுப்பாக. கீழே பார்த்தாள். கையில் தொங்கியது வெறும் கண்ணாடிக் காகிதம். ஓரத்தில் மட்டும் அங்கங்கே பிசிறு ஒட்டியிருந்தது. படம் முழுவதும் அவள் விரலில் இருந்தது.

வேலு எதுவும் புரியாமல், "என்ன ஆச்சு?" என்றான். தெர்மாமீட்டரை எடுத்து டிரம்முக்குள் விட்டாள். நாற்பத்தொன்று.

டப்பாவை எட்டி உதைத்தாள். அது உருண்டு போய்க் கதவில் மோதியது.

"ஆறு வருஷம்யா! ஆறு வருஷம் இந்தக் கையாலதான வழிச்சு வுட்டேன்! ஒரு நாள் இப்பிடி ஆச்சா?"

"சூடு ஜாஸ்தியோ என்னமோ."

"அங்க மட்டும் வெயில் இல்லையா? அது டெல்லி இல்லையா?"

கத்திக்கொண்டிருக்கும்போதே பதிலும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. மே, ஜூனில் மேடம் மலைக்குப் போய்விடுவார். ஜூலை பாதி வரைக்கும் மாடிக் குளியலறை பூட்டிக் கிடக்கும். வெயில் காலத்தில் யாரும் அங்கே ஃபிலிம் கழுவியதே இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வெயில் தணிந்த பிறகு செய்கிற வேலை. மருந்தை மட்டும் குளிரவைத்தால் போதாது, கடைசித் தண்ணீர் வரைக்கும் ஒரே குளிர்ச்சி வேண்டும், சூட்டில் ஃபிலிமின் பூச்சு இளகிவிடும் என்பதைச் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் அவசியம் வரவில்லை.

பொன்னம்மாளிடம் மட்டும் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அன்று சாயங்காலமே போய்ச் சொன்னாள்.

"வந்துச்சுக்கா. நல்லா சிரிச்சிருந்த. நான்தான் அழிச்சிட்டேன்."

"வந்தது எப்பிடிடி அழியும்?"

"கையில வழிஞ்சு போச்சு."

பொன்னம்மாள் அவளுடைய கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "ரெண்டு தடவ பட்டுப்புடவ கட்ட வெச்சியே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதன் பிறகு டேங்கர் வரிசையில் இரண்டு பேருக்கும் நடுவில் வேறு யாராவது நின்றார்கள். ஆகஸ்டில் பொன்னம்மாளின் புருஷனுக்கு முதுகு போய், இரண்டு பேரும் சொந்த ஊர் சங்கராபுரத்துக்கே திரும்பிவிட்டார்கள். மூட்டை கட்டிய அன்று அம்பிகா டிபன் டப்பாவில் புளியோதரை கட்டிக் கொடுத்தாள். பொன்னம்மாள் வாங்கிக்கொண்டாள். படத்தைப் பற்றி அவளும் கேட்கவில்லை, இவளும் பேச்செடுக்கவில்லை.

அதற்கப்புறம் அம்பிகா அட்டைப்பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, தெர்மாமீட்டரை மட்டும் வெளியே வைத்துக்கொண்டாள். தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் டிரம்மில் விட்டுப் பார்ப்பாள். செப்டம்பரில் முப்பத்திரண்டு. அக்டோபரில் இருபத்தேழு. வேலு கிண்டல் செய்வான். "டிரம்முக்கு ஜுரம் எறங்குச்சா?" அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஐஸ் வாங்கிக் கொட்டி இன்னொரு தடவை செய்திருக்கலாம்தான். ஆனால் டெல்லி தானாகவே இருபதுக்கு வரட்டும், அதுவரைக்கும் தொடுவதில்லை என்று ஒரு வீம்பு.

நவம்பர் இரண்டாம் வாரம் டிரம் இருபதைக் காட்டியது. மூன்றாவது ரோலைப் போட்டுக்கொண்டு சந்துக்குள் போனால், நிற்க ஆள் இல்லை.

"போ போ, ஒனக்கு வேற வேல இல்ல" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி கதவையே சாத்திக்கொண்டாள். காத்தவராயன் மட்டும் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எனக்குப் பழகிப்போச்சும்மா, எடு" என்றார். அவரைப் பார்த்து இன்னும் பத்துப் பதினொரு பேர் வந்தார்கள். மிச்ச ஃபிலிமில் எதை எடுப்பது? டேங்கரின் பின்பக்கம் எட்டு ஹோஸ் பைப் தொங்குவதை எடுத்தாள். சுண்ணாம்பு தெறித்த முகத்தோடு பீடி பிடிக்கும் வேலுவை எடுத்தாள். பூட்டிக் கிடந்த பொன்னம்மாள் வீட்டுக் கதவையும் ஒன்று எடுத்தாள்.

இந்தத் தடவை ரஜாய் இதமாக இருந்தது. ஃபிலிம் ஏறியது. டெவலப்பர், ஹைப்போ, அலசுகிற தண்ணீர், மூன்றும் ஒரே குளிர். அலசி முடித்தபின் வழிக்க விரலைக் கொண்டுபோனவள், பாதியில் கையை இழுத்துக்கொண்டாள். எதுவும் செய்யாமல் சொட்டச் சொட்ட அப்படியே கொடியில் மாட்டிவிட்டு, அது காய்கிற வரைக்கும் கதவைத் திறக்கவோ அடுப்பு பற்றவைக்கவோ வேலுவை விடவில்லை.

சந்தில் நெகட்டிவைக் காட்டியபோது, "என்னாடி எல்லாம் பேயாட்டம் இருக்கு? எம்மூஞ்சி கறுப்பு, முடியெல்லாம் வெள்ள!" என்று சிரித்தார்கள். ஆர்.கே.புரத்தில் ஒரு ஸ்டுடியோக்காரர் வெளியே எங்கோ அனுப்பி, பதினைந்து நாளில் அஞ்சலட்டை அளவுக்குப் பிரிண்ட் வாங்கிக் கொடுத்தார். அதைப் பார்த்ததும் பேச்சு மாறிவிட்டது. காத்தவராயன் தன்னுடையதை அன்றைக்கே ஊருக்குத் தபாலில் அனுப்பினார். கதவைச் சாத்திக்கொண்டவள் வந்து, "எனக்கு எப்போ எடுப்ப?" என்று உரிமையோடு கேட்டாள்.

எல்லாருக்கும் சந்தோஷம். அம்பிகாவுக்கு மட்டும் படத்தைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது. காத்தவராயனின் கன்னத்தில் ஒரு வெளிர் வட்டம். டேங்கர் மேல் மூன்று. வேலுவின் நெற்றியில் பெரிதாக ஒன்று, பீடிப்புகையோடு கலந்து. வெளிச்சத்தில் நெகட்டிவைச் சாய்த்துப் பார்த்தால் அங்கங்கே உப்புப் படிந்திருந்தது. டேங்கர் தண்ணீரின் உப்பு. சொட்டு நின்ற இடத்தில் தண்ணீர் காய்ந்து போய்விட்டது, உப்பு போகவில்லை.

"யார் கண்ணுக்குத் தெரியப்போவுது?" என்றான் வேலு.

"என் கண்ணுக்குத் தெரியுதே."

"அதான் வந்திடுச்சில்ல, வுடேன்."

"வந்தது வேற, சரியா வந்தது வேறய்யா."

வழித்தால் படம் போய்விடுமோ என்ற பயம், வழிக்காவிட்டால் உப்பு. அன்று ராத்திரி சோற்றில் கை வைத்தவள் சாப்பிடாமலே எழுந்துவிட்டாள். நாலாவது ரோல் பிரிக்காமல் அப்படியே இருந்தது. அதை வீணாக்கிவிட்டால் வேறு இல்லை.

மேடம் போனதிலிருந்து அவள் வேலை பார்ப்பது ஆனந்த் நிகேதனில். அந்த வீட்டுச் சமையலறையில் சுவரில் ஒரு தண்ணீர் ஃபில்டர் மாட்டியிருக்கிறது. அதில் பிடித்த தண்ணீரில் எவர்சில்வர் சொம்பைக் கழுவிக் கவிழ்த்தால் காய்ந்த பிறகு வெள்ளைக் கறை விழுவதில்லை. அம்பிகா மூன்று நாள் வெவ்வேறு பாத்திரத்தில் சோதித்துப் பார்த்தாள். நாலாம் நாள் வேலை முடிந்து கிளம்பும்போது, வீட்டிலிருந்து கொண்டுவந்த இரண்டு லிட்டர் கேனை ஃபில்டருக்கு அடியில் பிடித்தாள்.

வீட்டுக்கார அம்மாள் வந்து எட்டிப் பார்த்து, இவ்வளவு தண்ணீர் எதற்கென்று கேட்டாள். "இத்னா பானி? கிஸ் லியே?"

ஃபிலிம், உப்பு, வட்டம் என்று ஆரம்பித்தால் எங்கே போய் முடியும்? "பீனே கே லியே, மேம்சாப்" என்று, குடிக்கத்தான் என்பதாகச் சொல்லிவிட்டு, கேன் நிரம்புகிற வரைக்கும் அம்பிகா திரும்பிப் பார்க்கவில்லை.